நிலத்துக்காக மட்டும் இல்லை: முசோலினியின் எத்தியோப்பியப் போர்

"நிலம் போதாததால் இத்தாலி எத்தியோப்பியா மீது படையெடுத்தது" என்று உங்கள் மகள் எழுதிய விடைக்கு ஆசிரியர் பாதி மதிப்பெண்தான் போட்டார், என்ன விட்டுப்போனது என்று கேட்டிருந்தீர்கள். இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியின் பாசிசச் சித்தாந்தம்தான் விட்டுப்போயிருக்கிறது.

நிலமும் ஒரு காரணம், சரி. ஆனால் 1932இல் இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் முசோலினி பெயரில் வந்த கட்டுரை, நிரந்தர அமைதி சாத்தியமும் இல்லை, பயனும் இல்லை என்கிறது. போர்தான் மனித ஆற்றலை உச்சத்துக்குக் கொண்டுபோகுமாம். இப்படிப் பேசி ஆள்பவருக்குப் போர் கடைசி வழி அல்ல, அன்றாடத் தேவை. 1896இல் எத்தியோப்பியாவின் அட்வாவில் அந்நாட்டுப் படையிடம் இத்தாலி தோற்ற அவமானம் வேறு கைவசம் இருந்தது. 1935 அக்டோபர் 3 அன்று, போர் அறிவிப்பே இல்லாமல் படை உள்ளே நுழைந்தது.

மகளுக்கு ஒரு காட்சியைச் சொல்லுங்கள். அதே ஆண்டு டிசம்பர் 18, ரோம் நகரம். பெண்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் போர்ச் செலவுக்குக் கொடுக்கிறார்கள். பதிலுக்கு ஓர் இரும்பு மோதிரம். அரசி எலெனாவும் கொடுத்தார். ஒரு கொள்கை வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது பாருங்கள்!

அப்புறம் கடுகு வாயு, தோலையும் நுரையீரலையும் புண்ணாக்கும் நச்சு. அதைத் தடைசெய்த 1925 ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடே விமானத்திலிருந்து அதைப் பொழிந்தது. பன்னாட்டுச் சங்கம் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகளின் அமைப்பு) இத்தாலிக்குப் பொருளாதாரத் தடை போட்டது, ஆனால் போருக்குத் தேவையான எண்ணெயை அதில் சேர்க்கவில்லை. 1936 மே மாதம் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வீழ்ந்தது. அந்தத் தெம்பில்தான் முசோலினி ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் படை அனுப்பினார். 1940இல் கிரேக்கத்திலும் கை வைத்தார். கிரேக்கர்கள் அவர் படையை, அப்போது இத்தாலியின் பிடியில் இருந்த அல்பேனியாவுக்குள் துரத்தியடித்தார்கள், அது தனிக்கதை.