பூட்டனாரைத் தேடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வேலைக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் பிறந்த உங்கள் பூட்டனார் இந்தப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, ஜப்பானியர் காலத்தில் காலமானார் என்பதற்கு மேல் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது என்றும், எந்த அலுவலகத்தில் விசாரிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். வேலணையிலிருந்து வந்து இவ்வூரில் 32 ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட நானும் என் தாயாரின் சிறிய தந்தையாரை இப்படித்தான் தேடினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அலுவலகத்துக்குப் போகுமுன் ஊருக்குத் தொலைபேசி எடுங்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. கந்தையா என்ற ஒரே பெயரையே இங்குள்ள எழுத்தர்கள் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதிவைத்திருப்பார்கள். வீட்டில் அழைத்த பெயரைக் கொண்டு விண்ணப்பித்து, பதிவு இல்லை என்ற பதிலோடு நான் இருமுறை திரும்பியிருக்கிறேன். வழி திறந்தது அந்தச் சிறிய பாட்டனார் தம் தங்கைக்கு எழுதிக்கொடுத்த சீதன உறுதியால்தான், அதாவது சீதனப் பத்திரத்தால்தான். மலாயாவில் உழைத்தவர்கள் ஊரில் காணி வாங்கியதும் சீதனம் எழுதியதும் பெரும்பாலும் ஊரில் ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் கையெழுத்திடும் அதிகாரம்) கொடுத்துத்தான் என்பதால், நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்ட அலுவலர்) எழுதிய அந்த உறுதியில் அவருடைய முழுப்பெயரும் தந்தையார் பெயரும் அவர் இருந்த தோட்டத்தின் பெயரும்கூட இருந்தன. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியை விட்டு இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டார் நகையோடு சேர்த்துக் காப்பாற்றியது அந்த உறுதிக்கட்டைத்தான். அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும் கல்வெட்டுகள் எனும் நினைவு நூல்களையும் உறவினரிடம் கேளுங்கள். உங்கள் பூட்டனாரின் சகோதரர், மருமக்களின் கல்வெட்டுகளில் வம்சவழி இருக்கக்கூடும். ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கும் 'நூலகம்' இணையத்தளத்திலும் பல கல்வெட்டுகள் உண்டு.

இங்கே ஆள்சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிகள் வழியாக வந்த தமிழகத் தொழிலாளர்களின் பதிவுகளில் அவரைத் தேடி நாட்களை வீணாக்காதீர்கள். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தவர் தம் செலவில் கப்பலேறி வேலை தேடி வந்தவர்கள். அவர் சில காலமாவது ரயில்வேயிலோ அரசாங்கத்திலோ இருந்திருந்தால் கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் உதவலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய செய்தித்தாள்களில் இடமாற்றம், திருமணம், மரணச் செய்திகளைத் தேடலாம். அப்போது பெயரை எல்லா எழுத்து முறைகளிலும் இட்டுப் பாருங்கள். இறப்புப் பதிவுக்குத் தேசியப் பதிவிலாகாவை அணுகுங்கள். ஜப்பானியர் ஆட்சியில் தம் ஆண்டுமுறையையே பத்திரங்களில் எழுதினார்கள். 2603 என்றிருந்தால் அது 1943. அதைப் பிழை என்று எண்ணி என் உறவினர் ஒருவர் முக்கியமான தாள் ஒன்றை ஒதுக்கிவைத்திருந்தார்.

தகனம் செய்யும் வழக்கத்தால் பெரும்பாலும் கல்லறை இராது. ஆகவே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நன்கொடையாளர் பெயர் பொறித்த உபயக் கற்களையும் மணியையும் பாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்ட பின்னும் கோயில் நிற்கும் தோட்டங்கள் உண்டு. எங்கள் சிறிய பாட்டனாரின் பெயரை இந்த மண்ணில் நான் முதன்முதலில் கண்டது அப்படியொரு மணியில்தான்; "வேலணை" என்ற எழுத்துகளை விரலால் தடவியபடி வெகுநேரம் நின்றேன். அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் முதியவர்களிடம் "யாழ்ப்பாணத்துக் கிராணி" என்று கேட்டால் பெயரே தெரியாமல்கூட நினைவு சொல்வார்கள். செக்ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவில்) பெயரை வெட்டியவர், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் என்று இரண்டும் வரலாம். கசப்பானதையும் மறுக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் அவர் வாழ்க்கைதான்.

உறுதியின் படம் ஊரிலிருந்து வந்ததும் எனக்குச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயர் தெரிந்துவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே உங்களை அங்கே அழைத்துச் செல்கிறேன்.