130 கிலோமீட்டர் சரளைப் பாதை: ஒரு பேட்டரி போதுமா?

கேள்வி: எனக்கு வயது 53, எடை 72 கிலோ. இரண்டு வருடமாக மலைப்பாதை வகை இ-பைக் ஓட்டுகிறேன். 500 வாட்-அவர் பேட்டரி, வண்டி எடை 23 கிலோ. மூன்று மாதம் கழித்து நடக்கும் ஒரு கிராவல் (சரளைப் பாதை) நிகழ்வுக்கு நண்பரோடு சேர்ந்து பெயர் கொடுத்திருக்கிறேன். 130 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 1,600 மீட்டர், பத்து மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இ-பைக்குக்குத் தனிப் பிரிவு உண்டு. நண்பர் மோட்டார் இல்லாத கிராவல் சைக்கிளில் வருகிறார். நான் ஒரே நாளில் இதுவரை ஓட்டிய அதிகபட்ச தூரம் 60 கிலோமீட்டர். ஒரு பேட்டரியில் முடியுமா? எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: முடியும். மூன்று மாதம் போதும். ஆனால் பேட்டரி கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று நம்பிக் கிளம்பினால், பாதி வழியில் அந்த 23 கிலோவைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் கொடுத்தால் அது ஒரு வாட்-அவர். 100 கிலோவை 100 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 27 வாட்-அவர் ஆற்றல் வேண்டும். எவ்வளவு மெதுவாக ஏறினாலும் இதில் ஒன்றும் குறையாது. நீங்கள், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 100 கிலோ. ஆக 1,600 மீட்டர் ஏற்றத்துக்கு 435. அடுத்து, டயர் உருள்வதற்கும் காற்றின் எதிர்ப்புக்கும். சரளையில் மணிக்கு 16, 17 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கிலோமீட்டருக்கு 5 வாட்-அவர் என்று வைத்துக்கொள்ளலாம். 130 கிலோமீட்டருக்கு 650. இரண்டையும் கூட்டினால் 1,085. இறக்கத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்தான். ஆனால் சரளை இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்தே அதில் பெரும்பகுதியைக் கரைத்துவிடுவோம். அதனால் அதை நான் வரவில் வைப்பதில்லை.

இனி உங்கள் இருப்பைப் பார்ப்போம். இரண்டு வருடம் ஓடிய 500 வாட்-அவர் பேட்டரியில் 450 இருந்தால் நல்லது. அதிலும் ஒரு பங்கு மோட்டாரில் சூடாகப் போய்விடும். ஐந்தில் நான்கு பங்கு சக்கரத்துக்கு வந்து சேரும் என்று வைத்தால் 360. மீதி 725 உங்கள் காலிலிருந்து வர வேண்டும். எட்டு மணி நேரம் பெடல் மிதிப்பீர்கள் என்றால், மணிக்கு மணி சராசரியாக 90 வாட். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியத்தில் பேசிக்கொண்டே மிதிக்கும் அளவுதான் அது. உங்கள் வயதில், தொடர்ந்து ஓட்டுகிற ஒருவருக்கு எட்டக்கூடியதே. எட்டு மணி நேரம் விடாமல் கொடுக்க வேண்டும், அங்கேதான் பயிற்சி தேவைப்படுகிறது.

இதே பேட்டரியை டர்போவில், அதாவது உச்ச உதவியில் போட்டு, மோட்டார் சக்கரத்துக்கு 300 வாட் கொடுக்கும்படி விட்டால் எவ்வளவு நேரம் வரும்? ஒன்றேகால் மணி நேரம்கூட வராது. எனக்கு இது நடந்திருக்கிறது. ஒரு நீண்ட நிகழ்வில் முதல் ஒரு மணி நேரம் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு போகும் ஆசையில் மோட்டாரை உச்சத்திலேயே வைத்திருந்தேன். 96-வது கிலோமீட்டரில், ஒரு மேட்டின் அடிவாரத்தில், திரை அணைந்தது. சத்தம் நின்றது, பெடல் கல் மாதிரி ஆனது. தள்ளும்போது உதவுகிற நடை வசதிக்கும் அதே பேட்டரிதான், அதுவும் இல்லை. அன்று மேலே போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது.

ஆகவே மோட்டாரை மேட்டுக்கு வையுங்கள். சமதளத்தில் அணைத்துவிடுங்கள், அல்லது மிகக் குறைந்த உதவியில் வையுங்கள். ஐரோப்பிய விதிப்படி செய்யப்பட்ட 250 வாட் வண்டிகளில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் மோட்டார் தானாகவே விலகிக்கொள்ளும். அமெரிக்காவின் முதல் வகை இ-பைக்கில் இந்த வரம்பு 32. வேகமான சமதளத்தில் எப்படியும் மோட்டார் பெரிதாகக் கைகொடுக்காது, அங்கே அதை எதிர்பார்க்காமல் பழகுவதே நல்லது. மேடு வரும் முன்பே கியரை இறக்கிவிடுங்கள். பெடல் அச்சில் இருக்கும் மோட்டார்கள் நிமிடத்துக்கு 75 முதல் 90 சுற்று மிதிக்கும்போது நன்றாக வேலை செய்யும். கனமான கியரில் திணறி மிதித்தால் பேட்டரியும் வீண், முழங்காலும் வலிக்கும்.

இடைவழியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதிகம் நம்பாதீர்கள். சாதாரண 4 ஆம்ப் சார்ஜரில் முழுதாக ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஏறுவது 150 வாட்-அவருக்குள்தான். பத்து மணி நேரக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு மணி நேரம் ரொம்ப விலை அதிகம். உங்கள் வண்டிக்குக் கூடுதல் சிறு பேட்டரி பொருத்தும் வசதி இருந்தால் அதை இரவல் வாங்கப் பாருங்கள்.

அதற்கு முன் நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியது சில உண்டு. தனிப் பிரிவு இருப்பதால் மட்டும் எல்லாம் தெளிவாகிவிடாது. மோட்டார் வேக வரம்பு என்ன, இரண்டாவது பேட்டரி எடுத்துப் போகலாமா, வழியில் மாற்றிக்கொள்ளலாமா, செக்பாயின்ட்டில் சார்ஜ் போட விடுவார்களா, பாதையில் மோட்டார் வண்டிக்குத் தடை உள்ள துண்டு ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இதில் நிகழ்வுக்கு நிகழ்வு விதி மாறும். கனடாவின் பேன்ஃபில் தொடங்கி மெக்சிகோ எல்லை வரை ஏறக்குறைய 4,400 கிலோமீட்டர் போகும் டூர் டிவைட் போன்றவற்றில் மோட்டாருக்கே இடமில்லை. சொந்தக் காலில்தான் போக வேண்டும். இன்னொன்று, நிகழ்வு நடக்கும் இடத்துக்கு விமானத்தில் போவதாக இருந்தால் இப்போதே மாற்று யோசியுங்கள். 160 வாட்-அவருக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், உங்களுடையது அதைப்போல மூன்று மடங்கு. போய்ச் சேரும் ஊரில் பேட்டரியோ வண்டியோ வாடகைக்குக் கிடைத்தால்தான் உண்டு.

பயிற்சிக்கு வருவோம். வாரத்தில் மூன்று நாள் போதும். இரண்டு நாள் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் நீண்ட ஓட்டம்: 60-ல் தொடங்கி வாரம் ஏழெட்டுக் கிலோமீட்டர் ஏற்றிக்கொண்டே போங்கள், நான்காவது வாரம் பாதியாகக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுங்கள். நிகழ்வுக்கு மூன்று வாரம் முன்பு 100 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டால் போதும், 130 ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த ஓட்டங்களைத் தார் ரோட்டில் வைக்காதீர்கள். சரளை கையையும் முதுகையும் வேறு விதமாகச் சோதிக்கும். வாரத்தில் ஒரு நாளாவது சமதளத்தில் மோட்டாரை முழுதாக அணைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பல இ-பைக் திரைகளில் உங்கள் கால் கொடுக்கும் வாட் தெரியும். அந்த 90 எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியட்டும்.

டயர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கிராவல் நிகழ்வுகளில் பலருக்கும் நாள் கெட்டுப்போவது அங்கேதான். மலைப்பாதை இ-பைக்கில் வரும் டயரில் பெரிய பெரிய குமிழ்கள் இருக்கும். சேற்று இறக்கத்துக்கு அருமை. 130 கிலோமீட்டர் சரளைக்கு அவை வெறும் பாரம். குமிழ் குறைந்த, பக்கச்சுவர் உறுதியான டயராக மாற்றுங்கள். கிலோமீட்டருக்கு அரை வாட்-அவர் மிச்சமானாலும் மொத்தத்தில் 65. உங்கள் பேட்டரியில் அது ஏழில் ஒரு பங்கு. டியூப்லெஸ் என்றால் நிகழ்வுக்கு இரண்டு வாரம் முன்பு சீலன்ட்டை (சிறு துளைகளை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) புதிதாக ஊற்றுங்கள். அது சில மாதங்களில் காய்ந்து உள்ளே ரப்பர் தோலாக ஒட்டிக்கொள்ளும், பார்த்தால் தெரியாது. வண்டியைத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டுங்கள். சளசளவென்று சத்தம் கேட்க வேண்டும். டயர் அகலம் 2.3 அங்குலம் என்றால் முன்னால் 22, பின்னால் 25 பிஎஸ்ஐ-யில் தொடங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். காற்றைக் கல்லாக அடித்தால் வேகம் கூடும் என்று நினைப்பது தவறு, சரளையில் வண்டி துள்ளித் துள்ளியே ஆற்றலைத் தொலைக்கும்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரில் 2006-ல் 34 பேரோடு தொடங்கி, இன்று கிராவல் உலகின் பெரிய நாளாகிவிட்ட அன்பவுண்ட் நிகழ்வின் பாதை நெடுக, கத்தி மாதிரி டயரைக் கிழிக்கும் தீக்கல். 2023-ல் மழை பெய்து, தொடக்கத்திலேயே பசை மண் சக்கரத்தை அடைத்துக்கொண்டது. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அங்கே அனுபவசாலிகள் பையில் வைத்திருப்பது பெயிண்ட் கலக்கும் தட்டையான மரக்குச்சி. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே விட்டு மண்ணை வழித்துவிட அதைப்போல எதுவும் இல்லை. உங்களுக்கு இது இன்னும் முக்கியம், 23 கிலோ வண்டியைத் தோளில் போட முடியாது. மண் அடைத்த நிலையில் பலமாக மிதித்தால் மோட்டார் விசைக்கு டெரெய்லர் (செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பாகம்) முறிந்துவிடும். நிறுத்தி, வழித்து, அப்புறம் ஓட்டுங்கள். குச்சியோடு துளை அடைக்கும் திரி, ஒரு டியூப், கைப்பம்ப், செயின் இணைப்பு ஒன்று, டெரெய்லரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் ஒன்று, இவையும் பையில் இருக்கட்டும். பிரேக் பேட் பாதி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், கனமான வண்டி ஈர மண்ணில் அதைச் சீக்கிரம் தின்றுவிடும்.

சாப்பாடு: முதல் அரை மணி நேரத்திலிருந்தே தொடங்க வேண்டும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், வெயில் ஏறினால் கூடுதலாக உப்பும் சேர்த்து. நீண்ட பயிற்சி ஓட்டங்களில் அதையே சாப்பிட்டுப் பாருங்கள், வயிறும் பழக வேண்டும். அன்றைக்குப் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் ஹேண்டில்பாரில் பிடியை அடிக்கடி மாற்றுங்கள், சீட்டின் முனை கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் எடையெல்லாம் கைக்குத்தான் வரும்.

உங்கள் நண்பரைப் பற்றி ஒன்று. சமதளத்தில் அவர் வண்டி இலேசு, உங்களை விட்டுப் போகப் பார்ப்பார். மேட்டில் நீங்கள் அவரை விட்டுப் போவீர்கள். இருவரும் ஒட்டிக்கொண்டே போக முயன்றால் சமதளத்தில் அவரைப் பிடிக்கவே உங்கள் பேட்டரி தீர்ந்துவிடும். சமதளத்தில் அவருக்குப் பின்னால் காற்று மறைவில் ஒட்டிக்கொள்ளுங்கள், மேட்டில் அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் காத்திருங்கள். இதைக் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், வழியில் பேசினால் மனஸ்தாபம் வரும்.

உங்கள் 100 கிலோமீட்டர் ஒத்திகையை 1,200 மீட்டர் ஏற்றம் உள்ள பாதையில் வையுங்கள். முழு சார்ஜில் கிளம்பி, 25 கிலோமீட்டருக்கு ஒரு தடவை பேட்டரி சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது 25 சதவீதமாவது மிச்சம் இருந்தால் தைரியமாகப் போகலாம். அதற்குக் கீழே இருந்தால் அந்த எண்களை எனக்கு எழுதுங்கள், எந்த மேட்டில் எந்த அளவில் மோட்டாரை வைத்திருந்தீர்கள் என்பதோடு. எங்கே குறைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.