கணையப் புற்றுநோய் உறுதியானால் எவ்வளவு காலம் உயிர் வாழ முடியும்?

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது, ஐந்தாண்டு தாண்டுவோர் சுமார் 13 சதவீதம் என்ற அமெரிக்கக் கணக்குதான். எல்லா நிலையில் உள்ளவர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. கட்டி கணையத்தை விட்டு வெளியே போகாதவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள். தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் 3 சதவீதம்தான். அதனால் "எத்தனை மாசம்?" என்று கேட்கும் முன், "ஆபரேஷன் பண்ண முடியுமா?" என்று கேளுங்கள். கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியைச் சுற்றிப் பிடித்திருக்கிறதா என்பதே அதைத் தீர்மானிக்கும். நோய் தெரியவரும் நேரத்தில் நேரடியாக ஆபரேஷனுக்குத் தகுதியானவர்கள் 15 முதல் 20 சதவீதமே.

பயாப்சி ரிப்போர்ட்டில் வகையையும் பாருங்கள். மேலே சொன்ன மோசமான கணக்கெல்லாம் பெரும்பாலும் அடினோகார்சினோமாவால் (செரிமான நீர் போகும் கணையக் குழாய்களில் தொடங்கும் வகை) வருவது. நியூரோஎண்டோகிரைன் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தொடங்கும் வகை) என்றிருந்தால் பொதுவாக மெதுவாக வளரும். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003இல் தெரியவந்தது அந்த வகைதான், அவர் 2011 வரை வாழ்ந்தார். அவரை உதாரணம் காட்டுவது மற்றவர்களுக்குப் பொருந்தாது.

ஆபரேஷனுக்குப் பின் கீமோவை முழுதாக முடிப்பது பெரிய வித்தியாசம் தரும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு மருந்துக் கூட்டு (ஃபோல்ஃபிரினாக்ஸ்) எடுத்தவர்களில் பாதிப் பேர் 54 மாதத்தைத் தாண்டினார்கள். ஜெம்சிடபின் என்ற ஒரே கீமோ மருந்தை மட்டும் எடுத்தவர்களுக்கு அது 35 மாதம். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் உடல் தெம்பு உள்ளவர்கள். தெம்பு குறைந்தால் டோஸைக் குறைப்பார்கள், தள்ளிப்போடுவார்கள்.

தெம்பு போவதற்குப் பல சமயம் காரணம் செரிமானம்தான், அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் ஒட்டுகிறதா? சாப்பிட்ட கொழுப்பு உடம்பில் சேரவில்லை என்று அர்த்தம். கணைய நொதி கேப்சூல் கேளுங்கள்: பெரியவர்களுக்கு வழக்கமாக முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் நொதி) யூனிட், சிற்றுண்டிக்கு அதில் பாதி என்று ஆரம்பிப்பார்கள். முதல் கவளத்தோடு ஒரு பங்கு, பாதிச் சாப்பாட்டில் மீதி. சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துப் போட்டால் வீண். உணவு தாண்டிப் போயிருக்கும். மெல்லவும் கூடாது.

காமாலைக்காகப் பித்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைத்திருந்தால், பிளாஸ்டிக் வகை சுமார் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும், உலோக வகை அதைவிட நாள் தாங்கும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீமோ நடக்கும்போது பித்தக் குழாய்த் தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஏறிவிடலாம்.

சிஏ 19-9 (ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடு) எண் ஏறியதைப் பார்த்து உடனே பயப்படவும் வேண்டாம். பித்தம் அடைத்தாலே அது ஏறும். அடைப்பை எடுத்தபின் பார்த்த எண்தான் கணக்கு.