பேஸ்மென்ட்ல பொறந்த பூதம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு பதில்ல போற போக்குல ஒண்ணு சொல்லிட்டேன். உங்க பையன் மொபைல் கேம்ல அடி வாங்க வாங்க குறைஞ்சுட்டே போற அந்த ஹெல்த் பார் இருக்கே, அதுக்கு மூலகர்த்தா மினசோட்டாவுல டேவ் ஆர்னெசன்னு ஒரு மனுஷன்னு. அவ்ளோதான் சொன்னேன். "யாருய்யா அது, பாதியில விட்டுட்டு ஓடுறியே"னு மெயில் மேல மெயில். சரி, சினிமா கேள்வி அரசியல் கேள்வி எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கே: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னாலே கேரி கைகாக்ஸ்னு ஒருத்தர் பேருதான் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ஆர்னெசன்னு புதுசா யாரையோ சொல்றீங்களே? (மதுரை வாசகர்)

ப: புதுசு இல்லீங்க. ஆளுக்கு ஒரு கேரக்டர் வேஷம் போட்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதையை நகர்த்துற கேம்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், 1974ல வந்த அதோட முதல் பெட்டியிலயே ரெண்டு பேர் பேரும் இருக்கு. ஆர்னெசன் பொறந்தது 1947 அக்டோபர் 1, அமெரிக்காவுல மினசோட்டா மாநிலம். சின்ன வயசுல அப்பா அம்மா கெட்டிஸ்பர்க்னு ஒரு போர் போர்டு கேம் வாங்கிக் குடுத்தாங்க, அதோட பையன் காலி. அப்புறம் மினசோட்டா யுனிவர்சிட்டில ஹிஸ்டரி படிப்பு, சாயந்திரமும் வீக்கெண்டும் பொம்மை சிப்பாய்களை வெச்சு நெப்போலியன் காலத்துச் சண்டை விளையாடுற ஒரு கிளப். இந்த மாதிரி கிளப்புங்கள்ல பாதி நேரம் விளையாட்டு, மீதி நேரம் "அந்த ரெஜிமென்ட் அன்னைக்கு அங்க இல்லவே இல்ல"னு வாக்குவாதம்.

அந்த கிளப்ல டேவிட் வெஸ்லினு ஒருத்தர் இருந்தாரு. இவரை யாரும் சொல்றதே இல்ல, அது எனக்கு ஒரு ஆதங்கம். 1969 வாக்குல அவரு ப்ரான்ஸ்டைன்னு ஒரு கற்பனை ஜெர்மன் ஊரை வெச்சு ஒரு கேம் நடத்துனாரு. வழக்கமா ஆளுக்கு ஒரு படைதானே, இவரு என்ன பண்ணாருன்னா ஒருத்தனை மேயர் ஆக்கிட்டாரு, ஒருத்தனை பேங்கர், இன்னொருத்தன் யுனிவர்சிட்டி தலைவர், இப்படி ஆளுக்கு ஒரு வேஷம். பசங்க சண்டை ஆரம்பிக்கிற வரைக்கும் பொறுக்கல, ஆளாளுக்கு மூலையில ஒதுங்கி ரகசியம் பேசுறானுங்க, ரெண்டு பேர் ஒத்தைக்கு ஒத்தை டூயல் சண்டை போடணும்கிறானுங்க, அதுக்கு ரூலே கிடையாது, வெஸ்லி அங்கயே நின்னு ரூல் உருவாக்குறாரு. எல்லாம் சொதப்பிருச்சுனு அவரு தலையில கை வெச்சுக்கிட்டாரு, பசங்களோ அடுத்தது எப்போனு கேட்டானுங்க.

அடுத்தடுத்து வந்ததுல ஒண்ணு தென் அமெரிக்க நாடு மாதிரி ஒரு செட்டப்பு, நம்ம ஆர்னெசனுக்கு புரட்சிக்கார மாணவன் வேஷம். மனுஷன் வீட்டுலயே ஒரு டுபாக்கூர் சிஐஏ ஐடி கார்டு செஞ்சு எடுத்துட்டு வந்து, நான் நிஜமாவே சிஐஏ ஆளு, மாணவன் வேஷத்துல வந்திருக்கேன்னு மத்தவங்களை நம்ப வெச்சு, கடைசியில நாட்டு கஜானாவையே சுருட்டிட்டு ஹெலிகாப்டர்ல எஸ்கேப். விளையாட்டுக்குள்ள பொய் சொல்லலாம், நடிக்கலாம், எழுதாத ஒண்ணைச் செஞ்சு பாக்கலாம்னு அவருக்கு ருசி கண்டது அங்கதான்.

வெஸ்லி ராணுவ வேலைக்குக் கிளம்பினதும் கேம் நடத்துற பொறுப்பு ஆர்னெசன் கைக்கு வந்துச்சு. 1971ல ஒரு நாள், இவரே பின்னாடி சொன்ன கதை இது, வீக்கெண்ட் முழுக்க டிவியில பேய்ப்படம் பாத்துட்டு பாப்கார்ன் கொறிச்சுட்டே கோனான்ங்கிற வாள் வீரனோட மாயாஜாலக் கதைகளைப் படிச்சாராம், அப்ப வந்த ஐடியாவாம். வழக்கம்போல நெப்போலியன் சண்டைன்னு நெனச்சு வந்த பசங்க பாக்குறானுங்க, டேபிள் மேல ஒரு பிளாஸ்டிக் கோட்டை. அதுக்கு அடியில பாதாளம், சுரங்கம், பூதம். அந்த ஊருக்குப் பேரு பிளாக்மூர். மினசோட்டாவுல செயின்ட் பால்ங்கிற ஊர்ல, ஆர்னெசனோட அப்பா அம்மா வீட்டு பேஸ்மென்ட்ல நடந்த கூத்து இது.

கே: சரி, அந்த ஹெல்த் பார் சமாச்சாரத்துக்கு வாங்க. (திருச்சி வாசகர்)

ப: வந்துட்டேன். பிளாக்மூர்ல சண்டைக்கு முதல்ல செயின்மெயில்னு ஒரு ரூல் புத்தகத்தைத்தான் வெச்சுக்கிட்டாங்க, அது கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரென்னு இன்னொருத்தரும் 1971ல எழுதினது. படைக்கு படை மோதுற ரூல் அது, சாதா சிப்பாய்க்கு ஒரு அடி பட்டா அவுட், பொம்மையை எடுத்து ஓரமா வெச்சுடுவாங்க. நூறு சிப்பாய்ல ஒண்ணு போனா யாருக்கு என்ன? ஆனா இங்க ஆளுக்கு ஒரே ஒரு கேரக்டர், அதுக்குப் பேரு வெச்சு, மூணு வாரம் கஷ்டப்பட்டு தங்கம் சேத்து வெச்சிருக்கான், ஒரு பகடை உருட்டல்ல செத்துட்டன்னு சொன்னா அழுதுடுவான். நாம பூதத்தை ஒரே போடுல சாய்க்கலாம், பூதம் மட்டும் நம்மளை ஒரே போடுல சாய்க்கக் கூடாது, இதுதான் பசங்களோட நியாயம்.

ஆர்னெசன் அதுக்கு முன்னாடியே அமெரிக்க உள்நாட்டுப் போர்ல இருந்த இரும்புக் கவசக் கப்பல்களை வெச்சு ஒரு ரூல் எழுதியிருந்தாரு. 1862ல மானிட்டர், வர்ஜீனியானு ரெண்டு இரும்புக் கப்பல் மோதுச்சு, மணிக்கணக்கா சுட்டும் குண்டு பட்டு பட்டுத் தெறிச்சுதே ஒழிய ஒண்ணும் மூழ்கல. அப்ப கப்பலுக்கு ரெண்டு கணக்கு வேணும் பாருங்க, குண்டு உள்ள போகுதா இல்லையா, போனா எவ்ளோ தாங்கும். அந்த ரெண்டு கணக்கையும் அப்படியே தூக்கி மனுஷன் மேல போட்டுட்டாரு. கவசம் ஆர்மர் கிளாஸ் ஆச்சு, தாங்குற சக்தி ஹிட் பாயின்ட் ஆச்சு. அதோட அனுபவம் கூடக்கூட கேரக்டர் லெவல் ஏறும், போன வாரம் விட்ட இடத்துலேர்ந்து இந்த வாரம் தொடரும்னு வேற சேத்தாரு. போக்கிமான்ல எச்பினு போட்டிருக்கும் பாருங்க, அதுக்குள்ள ஒரு பழைய போர்க்கப்பல் மிதக்குது.

கே: பகடை உருட்டுறாங்க, அப்ப இது சூதாட்டமா? (ஈரோடு வாசகி)

ப: காசு வைக்கிறது இல்லம்மா. டீக்கும் பஜ்ஜிக்கும் ஆகுற செலவுதான்.

கே: எவ்ளோ படிச்சும் இதை எப்படி விளையாடுறதுனு புரியல. யாரு ஜெயிப்பாங்க? (சேலம் வாசகர்)

ப: யாரும் ஜெயிக்க மாட்டாங்க, அதுதான் முதல் ஷாக். எனக்கும் புரியாமத்தான் இருந்துச்சு, பெங்களூர்ல படிக்கிற எங்க அக்கா பையன் லீவுக்கு வந்தப்ப உக்கார வெச்சுட்டான். போர்டு இல்ல, காய் இல்ல, ஒரு பேப்பர், பென்சில், பளிங்கு மாதிரி 20 முகம் வெச்ச ஒரு பகடை. கதை சொல்ற வேலை அவனோடது, டன்ஜன் மாஸ்டர்னு பேரு.

"மாமா, நீங்க ஒரு திருடன். எதிர்ல ஒரு பழைய மரக்கதவு. என்ன பண்றீங்க?"

"தொறக்குறேன்."

"எப்படி?"

"எப்படின்னா? கையாலதான்டா."

"உள்ள சத்தம் வருதான்னு காது வெச்சுப் பாக்கல? தரையைத் தட்டிப் பாக்கல?"

"தொறன்னா தொறடா!"

உருட்டச் சொன்னான், 3 விழுந்துச்சு. கதவு தொறந்துச்சு, கூடவே காலுக்கு அடியில தரையும். குழி. எனக்கு இருந்ததே 6 ஹிட் பாயின்ட், அதுல 5 போச்சு. காபி குடுக்க வந்த வீட்டம்மா நின்னுட்டே கேட்டுட்டு "கையில கயிறு இருக்குல்ல, கதவுப் பிடியில மாட்டி எறிஞ்சு ஏற வேண்டியதுதானே"ன்னா. அரை மணி நேரத்துல அவ ஒரு மந்திரவாதி, என்னை விட ரெண்டு மடங்கு தங்கம். அந்தக் கயிறு யோசனை எந்த ரூல் புக்லயும் கிடையாது, ஆனா பையன் ஒத்துக்கிட்டான், ஒரு நம்பர் வெச்சான், உருட்டு மாமான்னான். வெஸ்லி அன்னைக்கு நின்ன நிலையில டூயலுக்கு ரூல் உருவாக்கினாரே, அதேதான்.

கே: நேரா கேக்குறேன், இந்த கேமுக்கு அப்பா யாரு? ஆர்னெசனா, கைகாக்ஸா? மழுப்பாம சொல்லுங்க. (கோவை வாசகர்)

ப: கைகாக்ஸ் பக்கத்தையும் கேட்டுட்டு வாங்க. விஸ்கான்சின்ல லேக் ஜெனீவானு சின்ன ஊரு. இன்ஷூரன்ஸ் கம்பெனில வேலை பாத்தவரு, 1970ல வேலை போச்சு, அஞ்சு பிள்ளைங்க, வீட்டுலயே செருப்பு ஷூ தைச்சுக்கிட்டு ராத்திரி கேம் ரூல் எழுதுன மனுஷன். 1968ல 50 டாலர் வாடகைக்கு ஒரு ஹாலைப் பிடிச்சு கேம் பைத்தியங்களை எல்லாம் கூட்டினாரு, அதுதான் ஜென் கான், இன்னைக்கும் நடக்குது. அடுத்த வருஷ ஜென் கான்லதான் ரெண்டு பேரும் முதல்ல சந்திச்சது. 1972 கடைசியில ஆர்னெசன் நண்பர் ஒருத்தரோட லேக் ஜெனீவா போயி கைகாக்ஸ் வீட்டு ஆளுங்களுக்கு பிளாக்மூர் நடத்திக் காட்டுனாரு. கைகாக்ஸ் அசந்துட்டாரு, ரூலை அனுப்புய்யான்னாரு.

வந்தது என்ன? ஒரு 20 பக்கம் கிறுக்கல். ஆர்னெசனுக்கு ரூல் எல்லாம் தலைக்குள்ள, அன்னைக்கு என்ன தோணுதோ அதுதான் ரூல். கைகாக்ஸ் டைப்ரைட்டர் முன்னாடி உக்காந்து முதல்ல 50 பக்கம், அப்புறம் 150 பக்கம்னு வளத்தாரு. எந்த பப்ளிஷரும் சீந்தல, சரினு 1973 அக்டோபர்ல டான் கேங்கிற நண்பரோட டிஎஸ்ஆர்னு சொந்தக் கம்பெனி. பிரின்ட் போடக் காசு இல்ல, பிரையன் ப்ளூம்னு மூணாவது ஆளு 2000 டாலரோட வந்தாரு. 1974 ஜனவரியில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற பேர்ல 1000 பெட்டி, விலை 10 டாலர், கையாலயே அடுக்கி ஒட்டி வித்தாங்க. ஒரு வருஷத்துக்குள்ள எல்லாம் தீந்துச்சு.

ஆர்னெசன் 1976 ஜனவரியில அந்தக் கம்பெனில வேலைக்குச் சேந்தாரு, அந்த வருஷ முடிவுல வெளிய. 1977லேர்ந்து அட்வான்ஸ்டுன்னு முன்னால ஒரு வார்த்தை சேத்து புதுப் புத்தகங்கள் வந்துச்சு, பேரு கைகாக்ஸ் மட்டும். இது வேற கேம், அதனால ஆர்னெசனுக்கு ராயல்டி கிடையாதுன்னு கம்பெனி. அடைமொழி சேத்தா ஆளே மாறிடுவானா? 1979ல கேஸ் போட்டாரு, 1981 மார்ச்ல கோர்ட்டுக்கு வெளிய செட்டில்மென்ட், ரெண்டு பேருமே கோ கிரியேட்டர், முக்கியமான அட்வான்ஸ்டு புத்தகங்களுக்கு 2.5 சதவீத ராயல்டி. அதுவும் அடங்கல, பூதங்களைப் பட்டியல் போடுற மான்ஸ்டர் மேனுவல் புத்தகத்தோட ரெண்டாம் பாகம் வந்தப்ப திரும்ப கோர்ட், 1985ல அதுவும் ஆர்னெசன் பக்கம்.

நம்ம ஊர் சினிமா பாஷையில கதை ஆர்னெசன், திரைக்கதை வசனம் கைகாக்ஸ், ஒன்லைன் வெஸ்லி. கைகாக்ஸ் இல்லேன்னா அது செயின்ட் பால்ல நாலு பசங்களோட போயிருக்கும், நீங்களும் நானும் பேசிட்டு இருக்க மாட்டோம். ஆனா மழுப்பாதன்னு சொன்னீங்க இல்ல, என் ஓட்டு ஆர்னெசனுக்கு. 150 பக்கம் எழுத இன்னொரு கெட்டிக்காரன் கிடைச்சிருக்கலாம், படையை எல்லாம் ஓரங்கட்டிட்டு ஒரே ஒரு ஆளை பாதாளத்துக்குள்ள இறக்கி விட்டு இப்ப நீ என்ன பண்ற, அடுத்த வாரம் என்ன பண்ணுவன்னு கேக்கத் தோணினது அந்த ஆளுக்குத்தான்.

கே: இது சாத்தான் வழிபாடு, பசங்க கெட்டுப் போவாங்கன்னு ஒரு வீடியோ பாத்தேன். (நாகர்கோவில் வாசகி)

ப: 45 வருஷத்துக்கு மேல பழைய பஞ்சாயத்தும்மா இது. 1979ல மிச்சிகன்ல ஒரு காலேஜ் பையன் காணாமப் போனான், இந்த கேம்தான் காரணம்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பையனுக்கு வேற மனக்கஷ்டங்கள் இருந்துச்சு, கேமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லேன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 80கள் முழுக்க அங்க இதே கூப்பாடு. வேடிக்கை என்னன்னா அந்தக் கலாட்டாவே ஓசி விளம்பரமாகி விற்பனை எகிறுச்சு.

கே: ஆர்னெசன் கடைசியில என்ன ஆனாரு? (புதுச்சேரி வாசகர்)

ப: எனக்குப் பிடிச்ச கட்டமே இதுதான். ஃப்ளோரிடாவுல ஃபுல் செயில்னு ஒரு காலேஜ், அங்க 1999லேர்ந்து சுமார் பத்து வருஷம் கேம் டிசைன் பாடம் நடத்துனாரு. என்ன பாடம் தெரியுமா? ரூலை எப்படித் தெளிவா, குழப்பம் இல்லாம எழுதணும்கிறது! 20 பக்கக் கிறுக்கலை அனுப்பின அதே மனுஷன். பட்ட பாடு ஒண்ணு போதாதா, வாத்தியார் ஆயிடலாம்.

கைகாக்ஸ் 2008 மார்ச் 4ல போனாரு, இவரு 2009 ஏப்ரல் 7ல, கேன்சர், வயசு 61. அதே செயின்ட் பால்லதான்.

கே: இதைத் தமிழ்ல விளையாட முடியுமா? எங்க ஆரம்பிக்கிறது? (தஞ்சாவூர் காலேஜ் மாணவர்)

ப: தாராளமா. பேசுறதுதானே விளையாட்டு, எந்த பாஷையில பேசுனா என்ன. அடிப்படை ரூல்களை 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல ஃப்ரீயா விட்டுட்டாங்க, டவுன்லோடு பண்ணிக்கலாம். 20 முகப் பகடை ஆன்லைன்ல கிடைக்குது, இல்லேன்னா போன்லயே உருட்டுற ஆப் இருக்கு. எல்லா ரூலையும் படிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன்னு நிக்காதீங்க, ஒருத்தர் படிச்சாப் போதும்.

நாலு பேரை ஒரே ஞாயித்துக்கிழமை ஒரே இடத்துல உக்கார வைக்கிறதுதான் பெரும்பாடு. ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தனுக்கு ஷிஃப்ட், அக்கா பையனுக்கு செமஸ்டர். போன தீபாவளிக்கு அப்புறம் எங்க செட்டு கூடவே இல்ல, என் திருடன் ஒரே ஒரு ஹிட் பாயின்ட்டோட பாதிக் கயித்துல தொங்கிட்டு இருக்கான்.