பைக்கில் புது பேட்டரி போட்டும் செல்ஃப் எடுக்கவில்லை, ஹாரன் அடித்தால் மீட்டர் விளக்கு மங்குகிறது. என்ன கோளாறு?

பேட்டரி மாற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்கிறீர்கள். அப்படியானால் தூக்கிப் போட்ட பழைய பேட்டரியே நன்றாக இருந்திருக்கலாம்! வண்டி படுத்தால் அளந்து பார்க்காமல் முதலில் பேட்டரியை விற்பது பல கடைகளில் வழக்கமாகிவிட்டது.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரெல்லாம் வீட்டில் யார் வைத்திருப்பார்கள் என்று சிலர் கேட்பார்கள். பேட்டரி விலையில் கால்வாசிகூட ஆகாது, வாங்கிவிடுங்கள்.

டிசி 20 வோல்ட்டில் வைத்து, வண்டி ஓடாதபோது பேட்டரியை அளக்கவும். 12.6 வந்தால் சரி. 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிய பிறகே மற்ற சோதனைகள். செல்ஃப் அழுத்தும்போது 10-க்குக் கீழே விழக்கூடாது.

மீட்டர் விளக்கு மங்குவதற்கு மீட்டரைக் கழற்றாதீர்கள். எனக்குச் சந்தேகம் எர்த் மேல்தான், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜினோடும் சேஸியோடும் இணைக்கும் வயர். கருப்பு முனையை பேட்டரி மைனஸிலும், சிவப்பை இன்ஜினில் பெயின்ட் இல்லாத போல்ட்டிலும் வைத்து செல்ஃப் அழுத்துங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் வயர் நுனியில் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கவும். சிவப்பு முனையைச் சேஸிக்கு மாற்றி, ஹாரன் அடித்தும் பாருங்கள். ஹேண்டிலைத் திருப்பினால் மட்டும் விளக்கு அணைகிறதா? கழுத்துப் பகுதியில் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது.

அடுத்தது சார்ஜிங். 4000–5000 ஆர்பிஎம்மில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரவேண்டும். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது. புது பேட்டரியையும் வேகவைத்துவிடும். 13-ஐயே எட்டவில்லை என்றால் இன்ஜினில் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் காயிலின் கப்ளரை (வயர் இணைப்பை) கழற்றுங்கள். மூன்று மஞ்சள் வயர் உள்ள வண்டியில், எந்த இரண்டுக்கு இடையிலும் ஏசி வோல்ட் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு ஜோடி குறைந்தாலும், இன்ஜினை நிறுத்திய பின் எந்த மஞ்சளுக்கும் பாடிக்கும் தொடர்பு காட்டினாலும் காயில் கருகியிருக்கிறது. காயில் சரியென்றால் அந்தக் கப்ளர் முனைகளைப் பாருங்கள், உருகியிருக்கலாம். அதுவும் நன்றாக இருந்தால்தான் ரெகுலேட்டரை மாற்றவேண்டும்.

2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரியும். அதன்மேல் ஃபாக் லைட்டையும் மாட்டி, வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். சிலர் ஃப்யூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் செருகுகிறார்கள், வயர் கட்டான ஹார்னஸே எரியும்!

இரவில் நின்றபடியே சார்ஜ் இறங்கினால், மைனஸ் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் நடுவில் இணையுங்கள். சாவி அணைந்திருக்க, 50 மில்லியாம்பியர் காட்டினாலே கசிவுதான். ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எந்த வழி என்று தெரியும். அப்படி இணைத்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அழுத்தாதீர்கள், மல்டிமீட்டர் கருகிவிடும்.