எங்கள் ஊர்ச் செய்தியில் மட்டும் ஏன் தப்பு வருகிறது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பத்திரிகைக்காரர்களைத் திட்டி வந்தவை. நானும் கோவையில் ஒரு நாளிதழில் நிருபர் அனுப்புவதைத் திருத்திப் பக்கம் கட்டும் இரவு டெஸ்க்கில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது கோத்தகிரியில் உட்கார்ந்து இந்தப் பகுதியை எழுதுகிறவன். திட்டில் எனக்கும் பங்கு உண்டு என்று எடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

கேள்வி: முன்பெல்லாம் "பேப்பர்லயே போட்டிருக்கு" என்றால் பேச்சு முடிந்துவிடும். இப்போது "பேப்பர்ல போட்டிருக்கா? அப்ப பொய்யாத்தான் இருக்கும்" என்கிறார்கள். எப்படி இப்படி ஆனது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, குன்னூர்

பதில்: டீச்சர், உலகச் செய்தியைப் படித்து யாருக்கும் நம்பிக்கை போவதில்லை. அங்கே நடந்தது சரியா தப்பா என்று நமக்கு எப்படித் தெரியும்? நம்பிக்கை போவது உள்ளூர்ப் பக்கத்தில்தான். தன் தெருவில் நடந்ததைத் தப்பாகப் போட்டிருப்பதைப் பார்த்தவர், பக்கத்தைத் திருப்பி டெல்லிச் செய்தியை மட்டும் எப்படி நம்புவார்?

கொடைக்கானல்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். '12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி பூத்தது, சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி' என்ற செய்தி அநேகமாக வருடா வருடம் வருகிறது. நீலக்குறிஞ்சி அங்கே 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. குறிஞ்சி இனத்தில் வகைகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கணக்கு. நடுவில் வேறு ஏதோ ஒரு வகை பூத்திருக்கும், போட்டோ வந்துவிடும், பழைய செய்தியில் தேதியை மட்டும் மாற்றிவிடுவார்கள். படித்துவிட்டு உள்ளூர்க்காரர் சிரிப்பார். ஒரு தடவை சிரித்தவர் அப்புறம் எதைப் படித்தாலும் பாதிச் சிரிப்போடுதான் படிப்பார்.

நம் நீலகிரி மலையிலும் இதே கதைதான். நடுவட்டமோ, மஞ்சூரோ, மசினகுடியோ, தலைப்பில் 'ஊட்டி' என்றுதான் வரும். கீழ்நாட்டு வாசகருக்கு அந்தப் பெயர்தான் தெரியும் என்பது டெஸ்க்கின் நியாயம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. ஊட்டி டவுனிலிருந்து அது இருபது கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து எனக்குப் போன் செய்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது, "ஊட்டியே போயிடுச்சாமே?"

இன்னொன்று கொஞ்சம் கனமான விஷயம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது. ஊர் மக்கள்தான் முதலில் ஓடினார்கள்; வீட்டில் கிடந்த போர்வைகளைக் கொடுத்தார்கள். அதில் இருந்த 14 பேரில் ஒருவர்கூடக் கடைசியில் பிழைக்கவில்லை. அன்று மாலையே ஸ்டூடியோக்களில் 'சதியா?' என்று ஆரம்பித்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் விமானப்படை விசாரணை, சதி இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை, வானிலை திடீரென்று மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்ததுதான் காரணம் என்றது. கேள்வியை நாள்கணக்கில் ஓட்டினார்கள். பதிலுக்கு ஒரு நாள்கூட ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. சதி என்று நம்பியவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள்.

ஏன் தப்பு வருகிறது என்றால், வேலை நடக்கும் விதம் அப்படி. மலைக்குப் போகும் பேப்பர் விடிவதற்குள் மேட்டுப்பாளையம், பர்லியார் தாண்டி மேலே வர வேண்டும். அதனால் நீலகிரிப் பக்கத்தை முதலில் முடித்து அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு கூடலூரில் யானை ஒருவரை அடித்துவிட்டது என்று போன் வந்தால், டெஸ்க்கில் இருப்பவர் கேட்பது இரண்டே கேள்வி: பெயர் என்ன, வயது என்ன. எப்படி நடந்தது, தெருவிளக்கு எரிந்ததா, வனத்துறைக்கு எப்போது சொன்னார்கள் என்பதெல்லாம் மறுநாளைக்கு என்று தள்ளிப்போகும். மறுநாள் வேறு யானை வந்துவிடும். ஆறு தாலுகாவுக்கும் சேர்த்து ஒருவரோ இருவரோ இருந்தால், அரசு அனுப்பும் செய்திக்குறிப்பை அப்படியே போடுவதுதான் சுலபம். நாலு பேப்பரிலும் ஒரே வாக்கியம் கமா மாறாமல் வருவதை வாசகர்கள் கவனிக்கவில்லை என்று எங்கள் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் கோயில் திருவிழாச் செய்தி போடுவதாக வந்த நிருபர் பெட்ரோல் காசு கேட்டார். கொடுத்தோம். செய்தியும் வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தானா?
– பெயர் வேண்டாம் என்றவர், கூடலூர்

பதில்: செய்தி வந்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் கேட்டது தப்பு. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் தாலுகா நிருபர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு, அல்லது டீச் செலவுக்குப் போதாத ஒரு தொகை. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜிதியா ஊதியக் குழுப் பரிந்துரையை மத்திய அரசு 2011-இல் அறிவித்தது; 2014-இல் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. தாலுகா நிருபரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், 'யாருக்கு?' என்பார். அவருக்குக் கிடைத்தது ஒரு அடையாள அட்டை. அதைக் கொடுத்து, தீபாவளி மலருக்கு இத்தனை விளம்பரம் பிடித்துக் கொடு, கமிஷன் எடுத்துக்கொள் என்பார்கள்.

இங்கேதான் சிக்கல். போன தீபாவளிக்கு முழுப் பக்க வாழ்த்து கொடுத்த ரிசார்ட் முதலாளி, இந்த மழைக்கு முன்னால் சரிவை ஜேசிபி வைத்து வெட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகள். ஊருக்கே தெரியும், நிருபருக்கும் தெரியும், பேப்பருக்கு மட்டும் தெரியாது. பெட்ரோல் காசு வாங்கியவர் செய்யும் கெடுதலை விட, வராமல் போன இந்தச் செய்தி செய்யும் கெடுதல் பெரிது. அதற்குக் காரணமானவர் கூடலூரில் இல்லை. விளம்பரத்தையும் செய்தியையும் ஒரே ஆள் தலையில் கட்டியவர்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, சாலை இல்லாத ஊர்களுக்கு நடந்தே போய், இறந்தவர்களின் பெயரையும் உறவையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எங்களுக்குப் போனில் சொன்னவர்களும் இதே தாலுகா ஆட்கள்தான். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் சொன்னார்கள்.

கேள்வி: தேர்தல் நேரத்தில் எது செய்தி, எது விளம்பரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: ஒரே வேட்பாளரைப் பற்றி இரண்டு பேப்பரில் ஒரே தலைப்பு, ஒரே படம், நிருபர் பெயர் இல்லை என்றால் காசு கைமாறியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். 2009 மக்களவைத் தேர்தலில் இது எல்லை மீறிப் போனதால், பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் இருவர் குழு போட்டது. அந்தக் குழு 2010-இல் கொடுத்த அறிக்கையில் பத்திரிகைகளின் பெயர்களே இருந்தன. கவுன்சில் அதைச் சுருக்கித்தான் வெளியிட்டது. முழுசாக வர மறு வருடம் தகவல் ஆணையத்தின் உத்தரவு தேவைப்பட்டது. அதே 2011-இல் உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவர், காசு கொடுத்துப் போட்ட செய்தியைத் தேர்தல் செலவில் காட்டாததற்காகத் தேர்தல் ஆணையத்தால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். காசு கொடுத்தவருக்குப் பதவி போனது. வாங்கியவர்கள் மறுநாளும் பேப்பர் அச்சடித்தார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் எல்லாம் பேப்பருக்கு முன்னாலேயே வந்துவிடுகிறதே?
– டாக்சி டிரைவர், கொடைக்கானல்

பதில்: வருகிறது, தம்பி. நடக்காததும் வருகிறது. 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் தொடங்கியபோது என் போனுக்கு வந்த ஃபார்வேர்டுகளை நம்பியிருந்தால், நான் கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்குப் பல் பிடுங்கப் போகவே பாஸ் எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: குட்கா பறிமுதல் செய்தியில், சம்பந்தமே இல்லாத என் கடை போட்டோவைப் போட்டுவிட்டார்கள். நிருபரைக் கேட்டால் "விடுங்கண்ணே, ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க" என்கிறார். நான் என்ன செய்வது?
– மளிகைக் கடைக்காரர், ஊட்டி

பதில்: விடாதீர்கள் அண்ணாச்சி. நிருபரிடம் பேசியது போதும். தேதியும் பதிப்பும் தெரிகிற மாதிரி அந்தப் பக்கத்தை முழுசாக எடுத்து வையுங்கள். எந்தப் பேப்பரிலும் ஓரிடத்தில் பொடி எழுத்தில் ஆசிரியர், அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயர் இருக்கும். சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். அந்த ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ டெல்லியில் உள்ள பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். இது பற்றிக் கோர்ட்டில் வழக்கு இல்லை என்றும் எழுதிக் கொடுக்க வேண்டும். கவுன்சில் அபராதம் போடாது, நஷ்ட ஈடும் வாங்கித் தராது; எச்சரிக்கும், கண்டிக்கும், அவ்வளவுதான். டிவி சேனல் என்றால் அதுவும் அங்கே முடியாது. ஆனால் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தால் ஆசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். அதை நான் பார்த்திருக்கிறேன்.

திருத்தம் கேட்கும்போது அதே பதிப்பில், அதே பக்கத்தில், கடைப் பெயரைச் சொல்லி, பறிமுதலுக்கும் இந்தக் கடைக்கும் தொடர்பில்லை என்று போடச் சொல்லுங்கள். 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று மொட்டையாகப் போட்டால் என்ன தவறு என்று யாருக்கும் புரியாது. போட்டோவை மட்டும் மறுபடி போட விடாதீர்கள். படத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் கீழே உள்ளதைப் படிக்க மாட்டார்கள்.