ஜூலையில் ராமேஸ்வரத்தின் வடகரையில் தனியாகக் கைட்போர்டிங் பழகலாமா?

ஜூலையில் ராமேஸ்வரம் வருவதாகவும், பாக் விரிகுடாப் பக்கம் கடல் குளம்போல் கிடப்பதால் தனியாக அங்கே இறங்கி, காற்றில் பறக்கும் பெரிய பட்டம் (கைட்) இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்கும் கைட்போர்டிங்கைப் பழகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். துணைப்படகு இல்லாமல் அந்தக் கரையில் இறங்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில்.

மே முதல் செப்டம்பர் வரை இங்கே வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. அது தீவின் நிலத்தைக் கடந்து வடகரைக்கு வருவதால்தான் அங்கே அலை எழுவதில்லை. கைட் விழுந்து, மீண்டும் எழுப்ப முடியாமல் போனால், அதே காற்று உங்களைக் கரையிலிருந்து விலக்கி விரிகுடாவின் நடுப்பகுதியை நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். தென்கரையில், மன்னார் வளைகுடாப் பக்கம், அலை அதிகம்தான். ஆயினும் அங்கே காற்று கரையை நோக்கி வீசுவதால், தடுமாறியவர் பெரும்பாலும் மணலில்தான் வந்து ஒதுங்குவார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாடைக்காற்று வீசும்போது இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடும்.

வடகரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பனையும் சவுக்கும் அடர்ந்த கரையைத் தாண்டி வரும் காற்று சீராக இராது. கைட்டை உங்களோடு இணைக்கும் கயிறுகளான லைன்கள் ஒரு கணம் தொய்ந்து, மறுகணம் வெடுக்கென்று இழுக்கும். இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மணிக்கு 15 கடல் மைல் காற்றில் அடங்கி நின்ற கைட், வேகம் 20 ஆகும்போது ஏறத்தாழ 1.8 மடங்கு இழுக்கும். கரையோரத்தில் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளையும் கவனியுங்கள். ஏறக்குறைய 12 அடிச் சதுரமான அவை நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடப்பதால் தொலைவிலிருந்து கண்ணில் படுவதில்லை. அவற்றின் கயிற்றில் லைன் சிக்கினால் விடுவிப்பது பெரும்பாடு, பாசி வளர்ப்பவரின் உழைப்பும் வீணாகும்.

அரிச்சல்முனையிலும் பாம்பன் பாலத்தின் அருகிலும் நீரோட்டம் கடுமையானது. எந்தப் பருவத்திலும் அங்கே இறங்க வேண்டாம். அக்டோபர், நவம்பரில் இடிமழையோடு திடீர்க் காற்று கிளம்பும். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கைட்டை விரிக்காதீர்கள்.

தென்கரையில் பயிற்றுநரோடு தொடங்குங்கள். வடகரைக்குப் போகும் நாளில், இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகு வைத்திருக்கும் மீனவர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி, நீங்கள் கரையேறும்வரை அவர் அங்கேயே இருப்பார் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே இறங்குங்கள்.